உறை இறக்கிய இடம்

"சொல்லுங்கப்பா, சொல்லுங்க" என்று ஹரிஹரன் அப்பாவின் காதோரம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"முருகான்னு சொல்லச் சொல்றான் பாருங்க. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இப்படி?" சுசீலா அத்தை கண்ணைத் துடைத்தாள்.

ஹரி கேட்டது கடலில் ஓர் இடத்தை. தீவுக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் தூண்டிலில் பெரிய பாரை மீன் பிடித்து, கட்டிக்கொண்டு படமெடுத்து, திரும்பக் கடலிலேயே விடுவார்கள். அவர்களைக் கூட்டிப்போவதுதான் தொழில். அதற்காக அப்பா ராஜமாணிக்கம் நாற்பது கிணற்று உறைகளைத் துளை போட்டுக் கடலடியில் இறக்கியிருந்தார். ஆறு வருடத்தில் மீன் குடியேறிவிட்டது. மிஷினில் ஏற்றினால் ஊருக்கே தெரியுமென்று ஜிபிஎஸ் வைக்கவில்லை. ஏறுகிறவர்களின் போனையெல்லாம் வாங்கிப் பூட்டிவிடுவார், மகனுடையதையும். கரையில் இரண்டு அடையாளங்கள் பார்க்க வேண்டும். லைட்ஹவுஸும் டவரும் ஒரே கோட்டில் வருவது ஒன்று. மற்றதை "அப்புறம் சொல்றேன்" என்றிருந்தார். அது தெரியாவிட்டால் படகு வெறும் படகு.

அப்பாவின் உதடு பிரிந்தது. கண் கட்டிலின் காலடிக்குப் போனது. அங்கே இன்னொரு படகுக்காரன், போட்டிக்காரன் கௌதம், பயபக்தியோடு நின்றிருந்தான். உதடு மூடிக்கொண்டது. அத்தை ஊற்றிய பால் கடைவாயில் வழிந்தது.

"கௌதம் பாய், ஹேடோ ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர்..."

"அரே ஹரி, டென்ஷன் மத் லோ, கவலைப்படாத. ஆள் அனுப்பியாச்சு. அங்கிளை விட்டு நான் நகர மாட்டேன்."

நகரவில்லை. பதினோரு மணிக்கு அப்பா போனார். தாடைக்குத் துணி கட்ட வந்தவர் பார்த்துவிட்டு, "இவருக்குத் தேவையே இல்ல" என்றார்.

தகனம் முடிந்த மறுநாள் அஸ்தி. "அவர் உறை இறக்கின இடத்துலயே கரைக்கணும்டா" என்றாள் அம்மா தங்கம்மா. கௌதமும் படகில் ஏறினான், போனோடு.

"வீடியோ எடுக்கறேன் ஆன்ட்டி. மெயின்லேண்ட் சொந்தக்காரங்க பாக்கட்டும். லொகேஷனும் சேர்த்து அனுப்பிடலாம்."

சாவு வீட்டுக்காரனால் என்ன சொல்ல முடியும்? லைட்ஹவுஸையும் டவரையும் ஒன்றாகப் பிடித்து ஹரி மெதுவாக ஓட்டினான். நிறுத்தி நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கினான். மணல். மறுபடி மணல்.

"க்யா கர் ரஹே ஹோ? என்ன பண்றே?" என்றான் கௌதம்.

"ஆழம் பாக்கறேன். அப்பாவுக்கு ஆழம் வேணும்."

எட்டாவது தடவை குண்டு சீக்கிரமே நின்றது. டொக். விரலில் சிமெண்ட் தட்டியது. ஹரி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கரைக்கு ஓட்டினான். மலையின் வெட்டுக்குள் ஒரு கோயில் கோபுரம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இங்கயாடா?" அம்மா பானையின் துணியை அவிழ்க்கத் தொடங்கினாள்.

கௌதம் போனை உயர்த்தினான்.

ஹரி நூலைச் சுருட்டினான். "இல்லம்மா. இன்னும் கொஞ்சம் போகணும்."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போட்டு, பானையை மடியில் வைத்துக்கொண்டாள்.