தூண்டில் நரம்பில் கட்டிய கார்

முஹ்சினுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பழவேற்காட்டில் ஐஸ் வியாபாரம் பார்க்கிற மனுஷனுக்கு முழ நீளப் பந்தயக் கார் எதற்கு? தாத்தா காலத்துப் பொம்மைதான், ஆனால் உள்ளே நிஜ என்ஜின். ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி உசுப்பிவிட்டால் காது கிழியும். நடுவில் இரும்புக் கம்பம், அதிலிருந்து ஒரு எஃகுக் கம்பி, கம்பியின் முனையில் கார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கருவாடு காயப்போடும் சிமெண்ட் தளத்தில் அது வட்டமடிக்கும்.

ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் குப்பம்மாள் கரையேறும் நேரம் அது. ஈரப் புடவையோடு நின்று பார்ப்பாள்.

"இன்னா பாய், உன் வண்டி எந்த ஊருக்கும் போவாம சுத்திக்கினே கீது!"

உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தது. புதுக்கம்பி வரும்வரை பொறுத்திருக்கலாம், பாவி. சுறாவையே இழுக்கிற தூண்டில் நரம்பு வீட்டில் இருக்கும்போது என்ன பயம் என்று அதைக் கட்டினான். கடலோரத்தில் பிறந்தவனுக்கு நைலான்மேல் அவ்வளவு நம்பிக்கை. சுறா தண்ணீருக்குள் இழுக்கும். கார், சுற்றிச் சுற்றிச் சூடேறிய கம்பத்து இரும்பில் நரம்பை உரசிக்கொண்டே இழுத்தது. நரம்பு உருகி அறுந்தது. பிய்த்துக்கொண்டு பறந்த கார், முகத்தை மறைக்கத் தூக்கிய குப்பம்மாளின் வலக்கையில் மோதி விரல்களை நொறுக்கியது. பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அவன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். "படகுத்துறையில வழுக்கி வுழுந்துட்டேன்" என்று அவளே டாக்டரிடம் சொன்னாள். பாய் வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பரிவு. அவன் மறுக்கவில்லை. காப்பாற்றியவன் என்று ஊர் அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அதைக் கேட்கப் பொறுக்காமல் அவன் காரை மூட்டை கட்டிப் பரணில் போட்டான்.

கட்டுப் பிரித்தபின் அவள் மறுபடி ஏரியில் இறங்கினாள். முஹ்சின் கரையில் போய் நின்றான்.

"கை எப்டிக்கா இருக்கு?"

"வெரலு ஒட்டிக்கிச்சு பாய். ஆனா எறா பட்டாத் தெரியல. சேறும் எறாவும் ஒண்ணாத்தான் கீது." பிறகு, "வண்டி இன்னா ஆச்சு? சத்தமே காணோம்" என்றாள்.

பக்கத்தில் தண்ணீருக்குள் தடவிக்கொண்டிருந்த அவள் மருமகள் தேவி நிமிர்ந்தாள்.

"பாய் மட்டும் இல்லேன்னா அத்தைக்குக் கையே போயிருக்கும். நீங்க நல்லா இருக்கணும் பாய்."

குப்பம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு, பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். இனி அவளால் பேச முடியாது.

முஹ்சின் வாயில் எதுவும் இல்லை. அவனும் பேசவில்லை.