இரண்டாம் மாடி ஒயர் பை

கோவிந்தனுக்குத் தொண்டை போய்விட்டது. அம்பத்தூர்த் தெருக்களில் காய்கறி வண்டி தள்ளிக் கத்திக் கத்திப் புண்ணாகிப்போனது. இனிக் கத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஒரு ஸ்பீக்கர் வாங்கி, மிச்சமிருந்த குரலை அதில் பதிவுசெய்து வண்டியில் கட்டினான். "தக்காளி, வெங்காயம், கத்தரிக்கா" என்று அது மூச்சு விடாமல் கூவ, இவன் வாயை மூடிக்கொண்டு தள்ளினான்.

அவனிடம் வாங்குகிறவர்களில் பாதிக்குமேல் வயசானவர்கள். பிள்ளைகள் போனைத் தட்டிக் காய் வரவழைத்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குக் காயைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ரெண்டு வார்த்தை பேச வேண்டும். அதிலும் பழைய பிளாட்டின் இரண்டாம் மாடி வேம்புலியம்மாள் தனி ரகம். முட்டி தேய்ந்து படி இறங்க முடியாது. கோவிந்தன் சத்தம் கேட்டதும் கிரில் ஓரம் வந்து கூப்பிடுவாள். இவன் கீழிருந்து பதில் கொடுத்தால்தான் கயிற்றில் கட்டிய ஒயர் பை இறங்கும். ஒருநாள் பதிலுக்குக் காத்திராமல் இறக்கிய பையை மாடு மென்றுவிட்டது. அதிலிருந்து அந்த வழக்கம்.

"இன்னாம்மா, ரெண்டே கத்தரிக்கா! இதுக்கு ஒரு பையா? என் சட்டப் பையில போட்டு எடுத்தாரட்டா?"

"உன் சட்டப் பை ஓட்டையாச்சேடா நைனா. ஏறி வர்ற வழியிலயே கொட்டிடுவ."

பெண்டாட்டி அஞ்சலை செத்துப்போன பிறகு, வியாபாரத்துக்கு மேலே அவனை ஒரு வார்த்தை பேசவைத்த ஆள் அந்த அம்மா ஒருத்திதான்.

ஸ்பீக்கர் கட்டியதிலிருந்து பை இறங்கவில்லை. வேப்பமரக் கிளை மறைப்பதால் மேலே ஆள் நிற்பது தெரியாது. பை இறங்கினால்தான் தெரியும். 'அந்தம்மாவும் போன்ல வாங்க ஆரம்பிச்சிடுச்சு' என்று நினைத்துக்கொண்டான். நாமாகப் போய்க் கேட்பதா என்று ரோஷம் வேறு. நிற்காமல் தள்ளிக்கொண்டு போனான். ராத்திரி சோற்றில் கை வைக்கும்போதுதான் உறைக்கும், அன்று முழுக்க வாயே திறக்கவில்லை என்று.

ஒருநாள் அந்தத் தெருவிலேயே ஸ்பீக்கர் சார்ஜ் தீர்ந்து அடங்கியது. பிளாட் வாசலில் இஸ்திரி போடும் கோமளா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்பாடா! இப்பவாவது காது கேக்குதா, அண்ணாத்தே?"

"இன்னா சொல்ற?"

"மேல இருந்த அம்மா தினம் உன் பேரைச் சொல்லிக் கூப்டுகினே இருந்துச்சு. அது குரலு இம்மாத்தூண்டு. உன் பொட்டி போடுற கூச்சல்ல எங்க கேக்கும்? நானே கத்திப் பாத்தேன், நீ திரும்பல."

கோவிந்தன் வண்டிப் பிடியை விட்டான். "அந்தம்மா இப்ப மேல கீதா, இல்லியா?"

"முந்தாநேத்து பொண்ணு வந்து ஓசூருக்கு இட்டுகினு பூடுச்சு. கூப்டா ஏன்னு கேக்க ஆளில்லாத எடத்துல எனக்கு இன்னா வேலைன்னு அந்தம்மாவே கெளம்பிடுச்சு."

மரத்தடிக்குப் போய்க் கிளை இடுக்கில் அண்ணாந்து பார்த்தான். கிரிலில் கயிற்றின் நுனி மட்டும் முடிச்சோடு இருந்தது.

"இன்னாம்மா" என்றான். கோமளா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்பீக்கரை அவிழ்த்துக் கோணிக்கடியில் தள்ளினான். அடுத்த தெரு திரும்பியதும், "தக்காளி" என்று கூவினான். குரல் கிழிந்து வந்தது, வலித்தது. கூவிவிட்டு வண்டியை நிறுத்தினான். அடுப்படியிலிருந்து ஒரு வயசான கால் சன்னல்வரை நடந்து வர எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் நின்று காது கொடுத்தான். ஒரு சன்னலும் திறக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி கூவினான். மறுபடி நின்றான்.