மூன்றாவது பாட்டு

பாண்ட்கார வின்சன்ற் மதில் பக்கம் திரும்பி நின்று ட்ரம்பெட்டில் நான்கு சுரம் ஊதிப் பார்த்தபோது, றஜிதா கையிலிருந்த தேத்தண்ணித் தட்டை அப்படியே பக்கத்துக் கதிரையில் வைத்தாள். ஐந்தாவது சுரமும் வந்தது. சந்தேகமில்லை, அது தங்கச்சி மார்கிரட்டின் பாட்டு. அவள் பாடி வெளியிட்ட இறுவட்டில் மூன்றாவதாக வருவதால் வீட்டில் எல்லோரும் மூன்றாவது பாட்டு என்று சொல்லும் அதே பாட்டு.

கூடத்தில் அப்பா பெட்டிக்குள் கிடந்தார். வெள்ளைச் சட்டை, விரல்களில் செபமாலை. சனிக்கிழமை காலை பிளேன்ரீயைக் குடித்து முடித்துக் கோப்பையை றஜிதாவிடம் நீட்டியவர், அவள் அதைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார். எண்பது வயது வரை யாருக்கும் கரைச்சல் கொடுக்காதவர், அதிலும் கரைச்சல் கொடுக்கவில்லை. சுவீடனிலிருந்து மார்கிரட் வரவேண்டும் என்பதற்காகத் திங்கட்கிழமை வரை பெட்டியை வைத்திருந்தார்கள்.

"வின்சன்ற் அண்ணை, என்ன வாசிக்கிறியள்?"

"கொப்பர் கேட்ட பாட்டுத்தான் பிள்ளை."

"அவர் எப்ப கேட்டவர்?"

"போன தை மாசம். கோயிலாலை சேமக்காலைக்குப் போகேக்கை இதைத்தான் வாசிக்கவேணும் எண்டவர். பெடியள் மூண்டு மாசம் பழகினவங்கள். லேசான பாட்டில்லை."

குருநகரில் ஒருவர் செத்தால் பெட்டிக்கு முன்னால் பாண்ட் வாத்தியம் போகும். என்ன வாசிப்பது என்பதை வீட்டார் பெரும்பாலும் வின்சன்ற்றிடமே விட்டுவிடுவார்கள். அவரும் ஞானப்பாடல் நாலைந்தை மாற்றி மாற்றி ஊதி ஆளைச் சேமக்காலைக் குழிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். சிலர் பழைய சினிமாப் பாட்டைக் கேட்டுச் சுவாமியாரிடம் பேச்சு வாங்கியதுண்டு. சுவீடன் பாட்டைக் கேட்டுவிட்டுப் போனவர் அப்பா நீக்கிலாப்பிள்ளை ஒருவர்தான்.

"அது வேண்டாம் அண்ணை. வழக்கமா வாசிக்கிறதை வாசியுங்கோ."

வின்சன்ற் ட்ரம்பெட்டைத் துணியால் துடைத்தார். "ஆள் உயிரோடை இருந்தால் போய்க் கேட்டு மாத்தலாம். இனி ஆரைக் கேக்கிறது?" என்றார். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் றஜிதாவால் சொல்லியிருக்கவும் முடியாது. மார்கிரட்டை ஏற்றிய வான் அப்போது வவுனியாவைத் தாண்டியிருந்தது.

மார்கிரட்டைப் பன்னிரண்டு வயதில் சின்னம்மாவோடு சுவீடனுக்கு அனுப்பினார்கள். அம்மா செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்குத்தான் வழியிருந்தது. பத்தொன்பது வயது றஜிதா அடுப்பைப் பார்த்துக்கொண்டு அப்பாவோடு நின்றாள். போனவள் அங்கே கிற்றார் பழகினாள். பாட்டுகளைத் தானே எழுதித் தானே மெட்டுப் போட்டாள். முதல் இறுவட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயோதிபர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டும் வேலை செய்துகொண்டே இரண்டாவதைச் செய்தாள். அதில் இருந்ததுதான் மூன்றாவது பாட்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த நாட்டு ரேடியோவில் அதுதான் போனதாம். கண்ணாடியில் செய்த பரிசொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிக்கத் தெரியாதவள் மாதிரி மார்கிரட் நின்ற படம் இன்னும் கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே தொங்குகிறது.

மேடைக்கு அவள் வைத்துக்கொண்ட பெயர் மார்கிரட் நீக்கிலா. போஸ்டரின் படத்தைப் பார்த்துவிட்டு நீக்கிலாப்பிள்ளை, "பாதி அப்பனை அங்கை கொண்டுபோயிட்டாள். மற்றப் பாதி உன்னட்டைக் கிடக்கு, பத்திரமாப் பார்" என்று றஜிதாவிடம் சொன்னார். பிறகு வந்த இரண்டு இறுவட்டும் சுமாராகத்தான் போயின. இப்போது அவள் மேடையேறுவதில்லை, இளம் பாடகர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கிறாள். அதைக் கேட்டும் மனிதர் கவலைப்படவில்லை. "கடலுக்குப் போனது காணும் எண்டு சம்மாட்டியாகிட்டாள். இனிக் கரையிலை நிண்டு வள்ளத்தை அனுப்பவேண்டியதுதான்" என்றார்.

அந்தப் பாட்டை அவர் சட்டைப் பையிலிருந்த போனில் ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது கேட்பார். சுவீடன் மொழியில் ஒரு சொல் தெரியாது. கடைசித் தரம் பாட்டு எழும்புவதற்கு முன் வாத்தியமெல்லாம் நின்றுவிடும், மார்கிரட் மூச்சை உள்ளிழுப்பது மட்டும் கேட்கும். அந்த இடத்தில் அவர் சுட்டுவிரலைத் தூக்குவார். "கேட்டியோ, மூச்செடுக்கிறாள். சின்னனிலை துறையிலை தண்ணிக்கை குதிக்க முந்தியும் உப்பிடித்தான்."

அந்தப் பாட்டைப் பற்றித்தான் றஜிதா பொய் சொன்னாள்.

ஒன்பது வருடத்துக்கு முன், பாட்டு வெளிவந்த கிழமை மார்கிரட் போன் எடுத்தாள். அது அப்பாவைப் பற்றிய பாட்டு என்றாள். வரி வரியாகத் தமிழில் சொன்னாள். வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், எவளை அனுப்புவது என்று எப்படி முடிவெடுத்தாய்? பஸ் வெளிக்கிட்டபோது கை காட்டாமல் ஏன் மறுபக்கம் பார்த்தாய்? உன்னோடு வைத்துக்கொண்ட மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது என்னுடையது உனக்கு ஞாபகம் வருமா? "அப்பாட்டை நீ சொல்லு அக்கா. எனக்கு நேரை சொல்ல வாய் வராது" என்றாள்.

றஜிதா சொல்லத்தான் போனாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, பெருநாளுக்குச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி அவர் இருந்தார். "என்னவாம் பிள்ளை சொல்லுறாள்?" அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது? "கடலுக்குப் போன அப்பா திரும்பி வாறதைப் பாத்துக்கொண்டு ஒரு பிள்ளை கரையிலை நிக்கிறாளாம். தூரத்திலை விளக்குத் தெரியுதாம்" என்றாள். பொழுதுபடுமுன் ஒழுங்கை முழுக்க அந்தக் கதை போய்விட்டது. அந்த நத்தாருக்குக் கோயில் பிள்ளைகள் கடதாசி வள்ளம் பிடித்து அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். இரண்டாம் சரணம் என்ன என்று அவர் கேட்டார், அதையும் கட்டினாள். மூன்றாம் சரணத்தில் வள்ளத்துக்குப் புது எஞ்சினே வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த கிழமை மார்கிரட் எடுத்து, "சொன்னியோ?" என்றபோது, "சொன்னன்" என்றாள். "என்ன சொன்னவர்?" "ஒண்டும் சொல்லேல்லை." அந்த இரண்டாவது பொய்தான் ஒன்பது வருடமாக அவள் நெஞ்சில் கிடந்தது. பாட்டு வந்த பிறகு மார்கிரட் ஊருக்கு வரவேயில்லை. இப்போது வருகிறாள், வாசலில் பாண்ட் அதையே வாசிக்கக் காத்து நிற்கிறது.

ஒன்றரை மணிக்கு வான் வந்தது. ஒட்ட வெட்டிய நரைமயிரும் கறுப்புச் சட்டையுமாக மார்கிரட் இறங்கினாள். பெண்கள் கட்டிப்பிடித்து அழத் தயாராக எழுந்தார்கள். அவள் அவர்களுக்கு நடுவால் போய்ப் பெட்டியருகே நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பாவின் சட்டைப் பையைத் தொட்டாள்.

"அக்கா, அவற்றை போன் எங்கை?"

"அலுமாரிக்கை வைச்சிருக்கிறன்."

"பை வெறுமையாக் கிடக்கு," என்றாள் மார்கிரட்.

றஜிதா அவளைக் கையில் பிடித்துக் குசினிக்குள் கொண்டுபோனாள். இனி ஒரு மணித்தியாலத்தில் சுவாமியார் வந்துவிடுவார். பின் கதவடியில் வாங்கு கிடந்தது. இருவரும் அதில் இருந்தார்கள்.

"மார்கிரட், அப்பா செத்தவீட்டுக்கு உன்ரை மூண்டாவது பாட்டை வாசிக்கச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார்."

"என்னைப் பழிவாங்கவோ?"

"இல்லை. அவருக்கு அது என்ன பாட்டெண்டே தெரியாது. நான் சொல்லேல்லை. வேறை கதை சொன்னனான். உனக்கும் பொய் சொன்னனான்."

முழுவதையும் சொன்னாள், கடதாசி வள்ளம், எஞ்சின் எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது, அடக்கவில்லை. மார்கிரட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது பன்னிரண்டு வயதில் கொண்டுபோன தமிழிலேயே பேசினாள். இந்த ஒழுங்கைப் பிள்ளைகள்கூட இப்போது அப்படிப் பேசுவதில்லை.

"ஒவ்வொரு ஞாயிறும் அவர் போனிலை, மூண்டாவது பாட்டு நல்ல பாட்டு எண்டு சொல்லுவார். எல்லாம் தெரிஞ்சும் அதைப்பற்றி ஒண்டும் கதைக்கிறார் இல்லையெண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். அதுக்குப் பயந்துதான் வரேல்லை. ஒன்பது வருசம் அக்கா."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியாது. அவர் தன்னோடை வைச்சுக்கொண்டது உன்னை."

"உன்னிலைதான் அவருக்குக் கூட விருப்பம், அதாலைதான் உன்னைத் தப்ப விட்டவர் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்," என்றாள் றஜிதா.

கதவடியில் யாரோ செருமினார்கள். வின்சன்ற் வெறும் போத்தலோடு நின்றார். தண்ணீருக்கு வந்தவர், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"குறை நினைக்காதையுங்கோ, காதிலை விழுந்திட்டுது. பிள்ளை, கொப்பருக்குத் தெரியும்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"கொரோனாவுக்கு முதல் வருசம் அளவெட்டியிலை ஒரு வீட்டுக்கு வாசிக்கப் போனனான். அங்கை சுவீடனிலை முப்பது வருசம் இருந்திட்டு வந்த மனிசன் ஒருத்தர். வந்து கொப்பரிட்டைச் சொன்னன். பாட்டைச் சொல்லுக்குச் சொல் கேக்கவேணுமெண்டு அடுத்தநாள் விடிய என்ரை மோட்டச்சைக்கிளிலை ஏறியிட்டார். அந்த மனிசன் பாட்டை ரெண்டு தரம் கேட்டுது. சொல்லட்டோ விடட்டோ எண்டு என்ரை முகத்தைப் பாத்துது. பிறகு சொல்லிச்சுது. கொப்பர், இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டார். அவ்வளவுதான்."

"பிறகு?" என்றாள் மார்கிரட்.

"சுன்னாகத்திலை தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டினாங்கள். அங்கைதான் வாய் திறந்தவர். ரெண்டு பிள்ளையளும் எனக்குப் பாட்டுக் கட்டியிருக்கினம் வின்சன்ற், மூத்தவளின்ரை பாட்டை நான் கெடுக்கப்போறேல்லை, நீயும் வாய் திறவாதை எண்டார்."

றஜிதா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஐந்து வருடம். அதற்குப் பிறகும் மனிதர் அவளிடம் எஞ்சின் வரும் சரணத்தை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"என்னைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றாள் மார்கிரட்.

"சொன்னவர். அவள் கேட்டது சரியான கேள்வி, போனிலை சொல்லுற மறுமொழி என்னட்டை இல்லை எண்டார். போன தைக்குள்ளை என்னைக் கூப்பிட்டவர். நான் போற அண்டைக்கு அவள் எப்பிடியும் வருவாள், அண்டைக்கு அதை வாசி, நான் கேட்டனான் எண்டு அவளுக்குத் தெரியட்டும் எண்டார்." வின்சன்ற் போத்தலைக் கையில் உருட்டினார். "வாசிக்கட்டோ, விடட்டோ? இனி நீர்தான் சொல்லவேணும்."

கூடத்தில் செபம் தொடங்கியிருந்தது.

"என்ன வேகத்திலை வாசிப்பியள்?" என்று மார்கிரட் கேட்டாள்.

"பெட்டி தூக்கிறவையின்ரை நடைக்கு."

"அப்ப சரி. ஓடாதையுங்கோ."

வெளிக்கிடுமுன் மார்கிரட் அலுமாரியைத் திறந்து போனை எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

கோயிலில் பூசை முடிந்து நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். றஜிதாவின் புருஷன் அடைக்கலநாதன் முன்பக்கம் பிடித்தான். அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகவில்லை, துறையில் வள்ளங்கள் கட்டியபடி நின்றன. ட்ரம் மூன்று அடி அடித்தது. பிறகு மூன்றாவது பாட்டு தொடங்கியது. அது நீட்டி நீட்டி நடந்து போகிற பாட்டாக மாறியிருந்தது. ஒழுங்கைப் பெண்களுக்கு உடனே பிடிபட்டது. "கரையிலை நிக்கிற பிள்ளையின்ரை பாட்டு" என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்.

மார்கிரட் றஜிதாவின் கையைக் கோத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். "உன்ரை பாட்டைச் சொல்லு," என்றாள் மெதுவாக.

"இப்பவோ?"

"ஓம். வரி வரியாச் சொல்லு."

றஜிதா அவள் காதுக்குள் சொன்னாள். கரை, விளக்கு, அப்பா பிடித்து வந்த மீன். மூன்றாம் சரணத்தில் எஞ்சின் வந்தபோது மார்கிரட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைலேஞ்சியை வாயில் அழுத்திக் குனிந்தாள், தோள் குலுங்கியது. ஒருவழியாகப் பிள்ளை அழுகிறாள் என்று பின்னால் வந்த பெண்ணொருத்தி அவள் முதுகைத் தடவிவிட்டாள். கொஞ்சத்தில் அது உண்மையாகவே அழுகையாகிவிட்டது.

சேமக்காலை வாசலுக்குக் கிட்ட, கடைசித் தரம் பாட்டு எழும்ப வேண்டிய இடத்தில், வின்சன்ற் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தார். ட்ரம் நின்றது. மணலில் செருப்புகள் தேயும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில், பக்கத்தில் மார்கிரட் மூச்சை ஆழமாக உள்ளிழுத்தாள்.

றஜிதாவின் சுட்டுவிரல் தானாக எழுந்தது. எழுந்த விரலோடு அவள் நடந்தாள்.