முழங்கால் அளவு வெள்ளம்

சம்சாத் பேகத்தின் மளிகைக்கடைக்குள் நுழையும்போதே வாசக்காலின் மேல்கட்டை தெய்வநாயகியின் நெற்றியில் நங்கென்று மோதியது.

"பாத்து வாங்க மேடம்! இங்க வர்றவங்க எல்லாம் குனிஞ்சிதான் வரணும்" என்று பேகம் சிரித்தாள்.

தெய்வநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. மலைக்காட்டிலிருந்து இறங்கிக் கூடுவாஞ்சேரி ஏரிக்குப் போகும் கல்லோடையின் குறுக்கே புதுச் சாலை வரப்போகிறது. ஓடையை இரண்டு குழாய்க்குள் விட்டுவிடலாம் என்று நெடுஞ்சாலை அலுவலகத்தில் முடிவு செய்தாயிற்று. வெள்ள ஆய்வு அறிக்கையில் இளநிலைப் பொறியாளரான அவள் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. குழாய் போதாமல் போனால் கரையோரத்து அறுபது வீடுகளும் முழுகும், அதுவும் அவள் கையெழுத்தின் பேரில். 2003ஆம் ஆண்டின் மே மாத வெயிலில் மூன்று நாளாக அவள் வீடு வீடாக ஏறி இறங்கியது அதனால்தான்.

எங்கே கேட்டாலும் ஒரே பதில். எண்பத்தைந்து வெள்ளத்தில் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர்? முழங்கால் அளவு. தொண்ணூற்றாறில்? அதுவும் முழங்கால்தான். மலையடியில் நகர் நகராக மனை போட்டு விற்றும் ஓடை மட்டும் சமர்த்தாக அப்படியே இருக்கிறதாம்! செயற்பொறியாளர் லக்ஷ்மிநாராயணனுக்கு இதைவிட இனிப்பான சேதி வேறென்ன வேண்டும்?

பேகமும் அதே முழங்காலைத்தான் சொன்னாள். தெய்வநாயகி அலுப்போடு எழுதிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தாள்.

"ஏன் பாயம்மா, வாசக்காலை இவ்வளவு குட்டையா வெச்சீங்க?"

"நாங்க எங்க குட்டையா வெச்சோம்? ஏழடி வாசக்காலு மேடம். எண்பத்தஞ்சுல தண்ணி பூந்துச்சில்ல, வூட்டுக்காரரு ரெண்டடிக்கு மண்ணு கொட்டி தரைய ஒசத்திட்டாரு. வாசக்காலு அங்கியே கீது. இந்தத் தெருவுல முக்காவாசிப் பேரு அப்படித்தான் ஒசத்தினாங்க."

வலி பறந்தே போயிற்று. முதல் முழங்கால் பழைய தரையில். இரண்டாவது முழங்கால் இரண்டடி உயர்ந்த தரையில். அப்படியென்றால் பதினோரு வருஷத்தில் வெள்ளம் இரண்டடி ஏறியிருக்கிறது! யாரும் பொய் சொல்லவில்லை. எந்தத் தரையிலிருந்து என்று யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவளுக்கே தோன்றவில்லையே! தன்னை மனதுக்குள் நாலு திட்டுத் திட்டிக்கொண்டு, முதல் வீட்டிலிருந்து மறுபடி அளக்க ஆரம்பித்தாள். நாற்பத்தோரு வீடுகளில் தரை உயர்ந்திருந்தது.

"குழாய்க்கு எஸ்டிமேட் போயாச்சும்மா. கையெழுத்தைப் போடு" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"மாட்டேன் சார். ஒரு தடவை நீங்களே வந்து பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் அவளைவிட உயரம், வாசக்காலில் அடியும் அதற்கேற்றபடி பலமாக விழுந்தது. பேகம் வாயைப் பொத்திக்கொண்டு சோடா உடைத்துக் கொடுத்தாள். மனிதர் கடுகடுப்புத்தான், ஆனால் அளவு என்று வந்துவிட்டால் வீம்பு பார்க்கமாட்டார். டேப்பை வாங்கித் தானே அளந்தார். மேல்கட்டையிலிருந்து தரைவரை சரியாக ஐந்தடி. டேப்பைச் சுருட்டிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பினார்.

"மேலே இன்னும் எத்தனை மனை வரப்போறது?" என்று கேட்டார்.

"முன்னூறு, சார்."

குழாய் போயிற்று. அடுத்த வருஷமே நான்கு கண் பாலம் வந்தது.

2005 டிசம்பரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காலையில் தெய்வநாயகி வந்தபோது தெருவே குடையும் கையுமாகப் பாலத்தின் மேல் நின்றது. செம்மண் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு நான்கு கண்ணிலும் சீறியது. பாலத்தின் மேல்தளத்துக்கு ஒரு சாண் கீழேவரை ஏறியது. மத்தியானம்வரை அதே ஒரு சாணில் நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. கரையைத் தாண்டவே இல்லை.

கடையில் பேகம் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். "இன்னா மேடம், தண்ணி நம்ம வூட்டுப் பக்கமே வரலியே!"

செல்போன் அடித்தது. லக்ஷ்மிநாராயணன். "வீட்டுக்குள்ளே எவ்வளவு?"

"சொட்டுக்கூட இல்லை சார்!"

"எந்தத் தரையிலேருந்து அளந்தே?"

"பழைய தரைக்கே வரலை சார். ஓடை தெருவுக்குள்ளேயே வரலை!" அவள் போட்ட கூச்சல் பாலம்வரை கேட்டது. அங்கிருந்து யாரோ விசிலடித்தார்கள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார். "என் மேஜை மேலே இன்னும் ஏழு ஓடைக்குக் குழாய் எஸ்டிமேட் இருக்கு. எல்லாத்தையும் நிறுத்தி வெச்சுட்டேன். நீ போய் அளந்து கையெழுத்துப் போடாம ஒண்ணும் நகராது."