இரண்டு பேர் தூக்கிய நாற்காலி

இந்தக் காலத்தில் எவனையும் நம்புவதற்கில்லை. ஒரு கையில் பீரோவைப் பிடிக்கிறவன் மறு கையில் போனைப் பிடிக்கிறான்.

வீடு மாறுகிறவர்களின் சாமான் தூக்குவது என் வேலை. எங்கள் கிடங்கில் தினமும் காலையில் அவரவரே ஜோடி சேர்ந்துகொள்ள வேண்டும். ஜோடி இல்லாதவனுக்கு வேலை இல்லை. மூன்று வருடம் முன்பு என் மச்சான், பெண்டாட்டியின் தம்பி, படிக்கட்டில் பீரோவை நழுவவிட்டான். என் கால்விரல் இரண்டு போயிற்று. அவனோடு ஜோடி சேர்வதை விட்டேன். பிறகு தூக்கும்போது தும்மினவனையும் விட்டேன். இப்போது ஆளே மிச்சமில்லை. "திங்கக்கிழம ஜோடியோட வாங்க, இல்லன்னா வீட்டுலயே இருங்க" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

மகள் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் காட்டினாள். திரை முழுக்கப் புள்ளிகள். சுற்றுக்குச் சுற்று யாரோடு சேரலாம் என்று ஒவ்வொன்றும் தானே முடிவு செய்யுமாம். ஒழுங்காகச் சேர்ந்தால் இரண்டுக்கும் லாபம். ஒன்று ஏமாற்றினால் மற்றதற்கு அடி.

"இந்தச் சிவப்பு நீங்கதாம்பா."

"நான் எதுக்குடி அங்க போனேன்?"

"உங்க சட்டத்தத்தான் குடுத்திருக்கேன். ஒருதடவ ஏமாத்துனா ஜென்மத்துக்கும் சேராது."

சிவப்பு மூலையில் தனியாக நின்றது.

"கெட்டிக்காரன். யாரும் ஏமாத்த முடியல பாரு."

"பட்டினி கெடக்கறான்பா."

"எல்லாரையும் நம்புற புள்ளி?"

"அது அப்பவே செத்துப்போச்சு."

"அப்படிச் சொல்லு!"

"பச்சையப் பாருங்க. ஏமாத்துனவன விட்டு வெலகும். கொஞ்சம் கழிச்சு, சின்னதா ஒண்ணுல சேந்து பாக்கும். சரியா நடந்தா அப்பறம் பெருசு."

பச்சை கூட்டத்துக்கு நடுவில் கொழுத்துக் கிடந்தது.

"புள்ளிக்கு ஏதுடி கால்விரல்?" என்று எழுந்துவிட்டேன்.

திங்கள் காலை, கிடங்கு வாசலில் மச்சான் தனியாக நின்றான். அவனுடைய ஜோடி வேறு வேலைக்குப் போய்விட்டானாம். எனக்கும் வேறு வழியில்லை. வாசலோரம் ஒரு நாற்காலி கிடந்தது.

"ஏய், இந்த நாற்காலிய ஒரு பக்கம் புடி. கிடங்கு மாடிக்குப் போகணும்."

"நாற்காலிக்கு எதுக்கு மாமா ரெண்டு பேரு?"

"புடின்னா புடி."

பிடித்தான். "கோழி எறக ரெண்டு பேரு தூக்கிட்டுப் போறானுங்கடா!" என்று கீழே எல்லாரும் சிரித்தார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் மச்சான் நின்றான். "பாத்து மாமா. காலு" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

இறங்கி வந்ததும் மேஸ்திரியிடம், "இவந்தான் ஜோடி. இன்னிக்கு மேஜை வரைக்கும்" என்றேன்.

"பீரோ?" என்று கேட்டான் மச்சான்.

"அத அப்பறம் பாக்கலாம்."

புள்ளி சொன்னது என்று நான் இதைச் செய்யவில்லை. வண்டியைப் பார்த்து நடந்தேன். அவனை முன்னால் போகவிட்டுத்தான்.