காதுக்குப் பின்னால் ஒட்டியது

மலைப்பாதையின் பாதி வளைவுகளைக் கடந்தபோது, ஆம்புலன்ஸ் நர்ஸ் தன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வட்டப் பட்டையை விரலால் அழுத்திவிட்டுக்கொண்டாள். வியர்வையில் அதன் ஓரம் கிளம்பியிருந்தது. ஸ்ட்ரெச்சரில், ஏணியிலிருந்து விழுந்த தச்சர் அரைமயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தார். வலது கண் பாதி திறந்திருந்தது. இடது இமை வீங்கி மூடியிருந்தது. கையுறை போட்ட அதே விரலால் அந்த இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு கண்பாவைகளும் ஒரே அளவுதான். நேரத்தோடு குறித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, உயிரோட இருக்கியா?" முன்னாலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்.

"நல்லா மூச்சு விடறாருண்ணே."

"அவரக் கேக்கலம்மா, உன்னத்தான் கேட்டேன்."

கேட்காமல் என்ன செய்வார்? முதல் வாரத்தில் இரண்டு முறை வண்டிக்குள்ளேயே வாந்தி எடுத்தவள் அவள். உள்காதுக்குள் திரவம் நிரம்பிய மூன்று சின்ன வளையங்கள் இருக்கின்றன. வண்டி திரும்பினால் திரவம் அலைந்து 'நகர்கிறோம்' என்கிறது. வண்டியின் ஜன்னல் இல்லாத பின்பகுதியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவளின் கண்ணோ 'எல்லாம் அப்படியே இருக்கிறது' என்று சாதிக்கிறது. இரண்டு சாட்சிகளுக்கு நடுவே குழம்பும் மூளை, கோபத்தை வயிற்றின் மேல் காட்டுகிறது. மேற்பார்வையாளருக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. "இன்னொரு தடவ ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று முடித்துவிட்டார். வார்டு வேலை ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. அன்றே போனில் தேடி, குமட்டலை நிறுத்தும் இந்தப் பட்டைகளை வரவழைத்தாள். உறையில் தயாரித்தவர் முகவரி இல்லை. 'முழுக்க மூலிகை, பக்கவிளைவு கிடையாது' என்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. ஒட்டிய நாளிலிருந்து வயிறு வாயைத் திறக்கவில்லை. வாய் மட்டும் எந்நேரமும் உலர்ந்தது. தண்ணீர் குடித்துச் சமாளித்தாள். வேலை செய்கிற பொருளை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆஸ்பத்திரி சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. டியூட்டி டாக்டர் இமையைத் தூக்கியதும் முகம் மாறினார். இடது பாவை கறுப்புப் பொத்தானைப் போல விரிந்து கிடந்தது. வெளிச்சத்துக்கு அசையவே இல்லை.

"உள்ள ரத்தம் கட்டி நரம்ப அழுத்துது. ஸ்கேன் மெஷின் வேற நேத்துலருந்து படுத்திருக்கு. ஆபரேஷன் தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுங்க. மண்டையில துளை போட்டே ஆகணும்."

தச்சரின் மனைவியிடம் கையெழுத்துக்குக் காகிதம் போனது. அந்த அம்மாள் பேனாவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

நர்ஸ் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். பழக்கத்தில் கை காதுக்குப் பின்னால் போயிற்று. பட்டையைத் தொடுவதற்கு முன்னால் விரல் நின்றுவிட்டது.

இந்த விரல். அந்த இமை.

மூலிகையாக இருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் வாயை உலர்த்தி வாந்தியை நிறுத்துகிற ஒரு மருந்து உண்டு. கண்ணில் துளி பட்டாலும் பாவையை விரித்துவிடும் என்று படிக்கும்போது எழுதி மனப்பாடம் செய்திருக்கிறாள். சொன்னால் வேலை போகும். நிஜமாகவே ரத்தக்கட்டாக இருந்து, தன் பேச்சால் தாமதமாகிவிட்டால்? அந்த அம்மாள் பேனாவைத் திருப்பிப் பிடித்துக் குனிந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அது என்னால ஆயிருக்கலாம்."

பட்டை, விரல், இமை என்று எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் பட்டையை உரித்து வாங்கி உறையில் போட்டார். "மூலிகையாம்ல?" என்றவர், தியேட்டரையும் தயாராகவே வைக்கச் சொல்லிவிட்டு, கண் வார்டிலிருந்து பாவையைச் சுருக்கும் சொட்டை ஓடிப்போய் எடுத்து வரச் சொன்னார். நரம்பு நசுங்கி விரிந்த பாவை அந்தச் சொட்டுக்குச் சுருங்கிவிடும். மருந்து பட்டு விரிந்தது சுருங்காது. சொட்டு உட்கார வேண்டிய இடத்தில் அந்த மருந்து முன்பே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு கண்ணிலும் விட்டார்கள். வலது பாவை மெல்ல மெல்லக் கடுகளவானது. இடது அப்படியே இருந்தது. டாக்டர் டார்ச்சை மூன்று முறை அடித்துப் பார்த்தார். பெயரைச் சொல்லி அழைத்ததும், தச்சர் எரிச்சலோடு "என்னங்க?" என்றார்.

"தியேட்டர் இப்ப வேணாம். ஸ்கேனுக்கு வேற ஊருக்கு அனுப்பலாம். அங்கருந்து பெரிய வண்டி வர்ற வரைக்கும் கால் மணிக்கு ஒரு தடவ கண்ணப் பாரு." சம்பவ அறிக்கைப் படிவம் ஒன்றை அவள் கையில் வைத்தார். "நடந்தத அப்படியே எழுது. நான் துளை போடச் சொன்னதையும் மழுப்பாத."

வாசலில் டிரைவர் நின்றிருந்தார். "பட்டை ஒட்டித்தான் சமாளிக்கறேன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி? வளைவுல கொஞ்சம் மெதுவாப் போயிருப்பேன்" என்றார். 

அவள் கட்டிலருகே போனாள். ஜன்னல் வெயில் நேராகத் தச்சரின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வீங்கிய இமை இப்போது கொஞ்சம் திறந்திருக்க, சுருங்கத் தெரியாத இடது கண்ணில் நீர் வழிந்தது.

"ரொம்பக் கூசுதும்மா."

திரைச்சீலை பாதிக்கு மேல் நகரவில்லை. அவள் எழுதாத படிவத்தை வெயிலுக்குக் குறுக்கே பிடித்தாள். அதன் நிழல் அவர் இமைமேல் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கால் மணி ஆகும்வரை அவள் கையை இறக்கவில்லை.