ஒரு துளையில் மட்டும் கரி

நண்பன் வெண்டல் இறந்து இரண்டு மாதம் கழித்து, துப்பாக்கி சுடும் போட்டிகளில் அவன் பயன்படுத்திய பழைய ரிவால்வரை வாங்கலாமென்று ஒஹாயோவில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஆர்லீன் அதைச் சமையலறை மேசையில் வைத்தாள். தோட்டா இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, தோட்டா போடும் உருளையை அசைத்தேன், ஆடவில்லை. குழலுக்குள் விளக்கடித்தேன், பளபளத்தது. உருளையின் ஆறு துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் கரி படிந்திருந்தது.

“யாரு கைல குடுத்தீங்க இத? சுட்ட கையோட துடைக்காம வெண்டல் சாப்பிடவே உக்கார மாட்டான். எந்தச் சோம்பேறியோ ஒரே ஒரு தோட்டா சுட்டுட்டு அப்படியே போட்டுட்டான்.”

ஆர்லீன் என் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“மாரடைப்புன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்” என்றாள்.